இலையுதிர் காலத்து இனிப்பும் இதமும்: கவனம் தவறும் இடங்கள்

குளிர் நாடுகளில் இலை நிறம் மாறத் தொடங்கினாலே வீட்டுக்குள் வேறொரு வாழ்க்கை ஆரம்பமாகிவிடும். ஆப்பிள், மஞ்சள் பூசணி, பட்டை வாசனை, மெழுகுவத்தி, கம்பளிப் போர்வை, வெந்நீர்க் குளியல். எதைப் பார்த்தாலும் பயம் வராது. பயம் இல்லாததால் எவ்வளவு நேரம் வெளியே வைத்தோம், எவ்வளவு போட்டோம், எவ்வளவு சூடு என்று யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. இந்தக் காலத்துத் தவறுகள் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கின்றன.

கேரமல் ஆப்பிளை எடுத்துக்கொள்வோம். ஆப்பிளில் குச்சியைச் செருகி, சூடான கேரமலில் முக்கி எடுத்து ஆறவைப்பார்கள். கேரமலில் ஈரம் குறைவு, ஆப்பிளில் புளிப்பு உண்டு. அதனால் இதில் கிருமி வளராது, மேசையில் இரண்டு மூன்று நாள் கிடந்தாலும் ஒன்றும் ஆகாது என்ற நம்பிக்கை இருந்தது. 2014 இறுதியில் அமெரிக்காவில் அந்த நம்பிக்கை உடைந்தது. பாக்கெட்டில் விற்ற கேரமல் ஆப்பிள்கள் மூலம் லிஸ்டீரியா என்ற பாக்டீரியா பரவி, 12 மாநிலங்களில் 35 பேருக்கு நோய் கண்டது. அவர்களில் 7 பேர் இறந்தார்கள். பிறகு விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் சோதித்தபோது காரணம் பிடிபட்டது: குச்சி. அது குத்திய இடத்தில் சாறு கசிந்து, ஆப்பிள் தோலுக்கும் கேரமலுக்கும் நடுவே மெல்லிய ஈரப்படலமாகத் தங்குகிறது. கிருமிக்கு அது போதும். குச்சியுள்ள ஆப்பிளைச் சாதாரண அறைச் சூட்டில் வைத்தபோது, மூன்றே நாளில் லிஸ்டீரியா ஆயிரம் மடங்கு பெருகியது. ஃப்ரிட்ஜில் வைத்ததில் ஒரு வாரம் வரை வளர்ச்சி இல்லை. அதற்குப் பிறகு அங்கேயும் மெல்லத் தலைதூக்கியது.

ஆகவே செய்த அன்றே சாப்பிடுங்கள். மிச்சம் இருந்தால் உடனே ஃப்ரிட்ஜ், ஒரு வாரத்துக்குள் காலி. வீட்டில் கர்ப்பிணியோ வயதானவரோ இருந்தால், எப்போது செய்தது என்று தெரியாத கேரமல் ஆப்பிளை வாங்காமல் இருப்பதே நல்லது. என்னைக் கேட்டால் குச்சியே வேண்டாம். ஆப்பிளை நறுக்கி, கேரமலைக் கிண்ணத்தில் ஊற்றித் தொட்டுச் சாப்பிட்டால் ருசி ஒன்றும் குறையாது, குழந்தையின் பல்லும் பிழைக்கும். ஒன்று மட்டும்: நான்கு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்குப் பச்சை ஆப்பிள் துண்டு தொண்டையில் சிக்கும். வேகவைத்தோ துருவியோ கொடுங்கள்.

அடுத்தது பூசணி. ஹாலோவீன் பண்டிகைக்கு முகம் செதுக்கி உள்ளே விளக்கு வைத்த பூசணியை மறுநாள் சூப்பாக்கும் சிக்கனம் சிலருக்கு உண்டு. வெட்டிய காய் இரவெல்லாம் வெளியில் கிடந்திருக்கிறது, அது குப்பைக்கோ உரக்குழிக்கோதான். செதுக்கவென்றே வளர்க்கும் பெரிய ரகத்தில் சதை நார்நாராக, தண்ணீராக இருக்கும், பண்டத்துக்கு எடுக்காது. சின்ன, கனமான, சமையல் ரகத்தை வாங்கி, வேகவைக்காமல் ஓவனில் சுட்டால் இனிப்பு தூக்கலாக வரும். டின்னில் வாங்குகிறவர்கள் லேபிளை நிதானமாகப் படிக்க வேண்டும். வெறும் பூசணி மசியலும், பை (pie) என்ற இனிப்புப் பண்டத்துக்காகச் சர்க்கரையும் மசாலாவும் ஏற்கெனவே கலந்த ஃபில்லிங்கும் ஒரே அலமாரியில் ஒரே மாதிரி டின்னில் நிற்கும். இரண்டாவதை எடுத்து அதன் மேல் இன்னும் சர்க்கரை போட்டால் வாயில் வைக்க முடியாது. பூசணிப் பையில் முட்டையும் பாலும் சேர்வதால், கேக் மாதிரி நினைத்து ராத்திரி முழுக்க மேசையில் விடக்கூடாது. ஓவனிலிருந்து எடுத்து ஆறியதும், இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்குப் போக வேண்டும். மீந்த மசியலைப் பாட்டிலில் அடைத்துச் சேமிக்கவும் கூடாது. அடர்த்தியான மசியலின் நடுப்பகுதி வரை சூடு சரியாக ஏறாது. புளிப்பும் இல்லாததால் பாட்டுலிசம் என்ற, உயிருக்கே ஆபத்தான கிருமி நஞ்சுக்கு இடமாகிவிடும். ஃப்ரீசர் இருக்கிறதே.

பட்டையின் விஷயம் அளவு. கடைகளில் மலிவாகக் கிடைக்கும் பொடி பெரும்பாலும் காசியா வகை. அதில் கூமரின் என்ற பொருள் கணிசமாக உண்டு. தொடர்ந்து நிறையச் சேர்ந்தால் சிலருக்குக் கல்லீரலைப் பாதிக்கும். ஜெர்மனியின் அரசு இடர் மதிப்பீட்டு நிறுவனம் சொல்லும் கணக்கு இது: நாள்தோறும் சாப்பிடுவதாக இருந்தால், 15 கிலோ எடையுள்ள குழந்தைக்குக் காசியா அரை கிராம், 60 கிலோ எடையுள்ளவருக்கு 2 கிராம், அதற்கு மேல் வேண்டாம். ஒருநாள் கூடிப்போனால் குடி முழுகாது. காலையில் ஓட்ஸ், மாலையில் பால், இரவில் குக்கீ என்று இரண்டு மாதம் எல்லாவற்றிலும் தூவும் பழக்கத்தைத்தான் பார்க்க வேண்டும். இலங்கைப் பட்டையில் கூமரின் மிகக் குறைவு. முழுப் பட்டையாக வாங்கினால் அடையாளம் எளிது: காசியா தடித்த ஒற்றைச் சுருள், இலங்கைப் பட்டை காகிதம் போன்ற பல மெல்லிய அடுக்குகள். பொடியாகிவிட்டால் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது.

சமையலறையை விட்டு வெளியே வரும் முன் மூன்று விஷயங்கள். பாஸ்சுரைஸ் செய்யாத ஆப்பிள் சாற்றைக் குழந்தைகளுக்குக் கொதிக்க வைத்தே கொடுங்கள். குக்கீ மாவை வழித்து நக்கவிடாதீர்கள். முட்டை சேர்க்காவிட்டாலும் கோதுமை மாவே பச்சைப் பொருள்தான், அதிலும் வயிற்றைக் கெடுக்கும் ஈ.கோலி கிருமி இருக்கலாம். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் ஒரு சொட்டும் கூடாது.

இனி உடம்பு. குளிர் தொடங்கியதும் சுடச்சுட நீண்ட நேரம் குளிப்பதைத்தான் பலர் ஓய்வு என்று நினைக்கிறார்கள். அந்தச் சூடு தோலின் இயற்கையான எண்ணெய்ப் பசையைக் கழுவிவிடும், அப்புறம் அரிப்பு, வெடிப்பு. வெதுவெதுப்பான நீர், ஐந்து முதல் பத்து நிமிடம், சோப்பு தேவையான இடத்தில் மட்டும். துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, ஈரம் காயும் முன்பே க்ரீம் தடவ வேண்டும். தண்ணீராக ஓடும் லோஷனைவிட கெட்டியான க்ரீமோ சாதாரண பெட்ரோலியம் ஜெல்லியோ நன்றாக வேலை செய்யும். விலை உயர்ந்த வாசனை க்ரீம் வறண்ட தோலை இன்னும் எரிச்சலூட்டக்கூடும்.

காற்றில் ஈரம் சேர்க்கும் ஹ்யூமிடிஃபையர் வாங்கினால், அதை முழு வேகத்தில் விட்டுவிட்டுத் தூங்காதீர்கள். அறையின் ஈரப்பதம் 30 முதல் 50 சதவீதம் வரை போதும். கூடினால் சுவரில் பூஞ்சை, மெத்தையில் தூசுப்பூச்சி. தொட்டித் தண்ணீரைத் தினமும் மாற்றாவிட்டால் அழுக்கையும் சேர்த்துத்தான் அது காற்றில் தெளிக்கும். கைக்குழந்தை அறையில் யூகலிப்டஸ் தைலம் வேண்டாம்.

இதையெல்லாம்விடப் பெரிய தவறு ஒன்று உண்டு. குளிருக்கு இதமாக இருக்கட்டும் என்று கரியடுப்பை வீட்டுக்குள்ளோ கராஜுக்குள்ளோ கொண்டுவருவது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலி, குமட்டல், மயக்கம் என்று ஃப்ளூ மாதிரி தொடங்கும். வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலை வலித்து, வெளியே போனதும் சரியானால் உள்ளே திரும்பிப் போகாமல் அவசர உதவியைக் கூப்பிடுங்கள். ஹீட்டரைப் பருவத் தொடக்கத்தில் சர்வீஸ் செய்வதும், படுக்கையறைக்குப் பக்கத்தில் கார்பன் மோனாக்சைடு அலாரம் பொருத்துவதும் தவிர்க்கக்கூடாதவை.

கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்பும் வாரமும் இருக்கிறது. ஐரோப்பாவில் அக்டோபர் கடைசி ஞாயிறு, அமெரிக்காவிலும் கனடாவின் பெரும்பகுதியிலும் நவம்பர் முதல் ஞாயிறு. கூடுதலாக ஒரு மணி நேரத் தூக்கம் என்று பெற்றோர் சனிக்கிழமை இரவு நேரம் கழித்துப் படுப்பார்கள். ஆறு மணிக்கு எழும் குழந்தை ஐந்து மணிக்கே வந்து எழுப்பும். அதன் உடம்புக்குக் கடிகாரம் தெரியாது. நான்கைந்து நாள் முன்பிருந்தே படுக்கும் நேரத்தைப் பத்துப் பதினைந்து நிமிடமாகத் தள்ளிக்கொண்டே போங்கள். மாற்றத்துக்குப் பிறகு அது விடியற்காலையில் எழுந்தாலும், புதிய நேரப்படி ஆறு மணி ஆகும்வரை அறை விளக்கைப் போடாதீர்கள்.