அணில் தடுப்பு செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பறவைகளுக்குத் தோட்டத்தில் தீனிப்பெட்டி வைத்தவர்களுக்கு அடுத்து வரும் தலைவலி அணில்தான். பெட்டியைத் தாங்கும் கம்பத்தில் அணில் ஏறாதபடி ஒரு தடுப்பை வீட்டிலேயே செய்து மாட்டிவிடலாம், பெரிய வேலை இல்லை. ஆனால் ஆரம்பத்தில் நாங்கள் செய்த அதே தவறுகளைப் புதியவர்களும் வரிசையாகச் செய்வதைப் பார்க்கும்போது பேசாமல் இருக்க முடியவில்லை. பெட்டியை மரக்கிளையிலேயே கட்டித் தொங்கவிடுவது போன்றவை ஓரிரு நாளில் தானாகவே புரிந்துவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

கம்பத்தில் கிரீஸ் தடவுவது

இதை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. கிரீஸ், வாசலின், பழைய எண்ணெய் என்று கைக்குக் கிடைத்ததைக் கம்பத்தில் பூசிவிடுகிறார்கள். அணில் பாதி தூரம் ஏறி வழுக்கிக் கீழே வருகிறது. பார்த்துச் சிரித்துவிட்டு, பிரச்சினை தீர்ந்தது என்று உள்ளே போய்விடுகிறார்கள். அதற்குப் பிறகு நடப்பதை யாரும் பார்ப்பதில்லை.

எனக்குத் தெரிந்த ஒருவர் தோட்டத்தில் பார்த்தேன். தீனிப்பெட்டிக்குக் கீழே கம்பத்தில் தாராளமாகக் கிரீஸ். ஒரு சின்னப் பறவை பெட்டியில் இடம் கிடைக்காமல் கம்பத்தைப் பற்றிக்கொண்டு ஒரு நொடி நின்றது, அவ்வளவுதான். பிறகு பக்கத்துக் கிளையில் உட்கார்ந்து வயிற்றை அலகால் கோதத் தொடங்கியது. வயிற்று இறகுகள் எண்ணெயில் ஊறிய திரியைப் போல ஒட்டிக்கிடந்தன, இடையில் தோல் தெரிந்தது. கோதக் கோத, பிசுக்கு அலகில் ஏறி அங்கிருந்து சிறகுக்குப் போனது.

பறவையின் இறகில் நுண்ணிய இழைகள் கொக்கி போட்டு ஒன்றையொன்று பிடித்திருக்கும். தண்ணீர் உள்ளே புகாமல் காப்பதும், உடம்பை ஒட்டிக் காற்றைத் தேக்கிச் சூடு வெளியேறாமல் வைப்பதும் அந்தப் பிணைப்புதான். பிசுக்கு பட்டால் அது குலைந்துவிடும். மழையிலோ குளிரிலோ பறவை நடுங்கிப்போகும். கோதும்போது கிரீஸ் வயிற்றுக்குள்ளும் போகும். அணிலுக்கும் இதே கதிதான். வழுக்கி விழுந்த கையோடு அது உடம்பை நக்கித் துடைக்கும்.

இத்தனைக்கும் பலன் நிலைப்பதாவது உண்டா? அதுவும் இல்லை. வெயிலில் இளகி வழியும், அப்புறம் தூசி படிந்து காய்ந்து சொரசொரப்பாகிவிடும். அணில் பழையபடி ஏறும். இவர்கள் இன்னொரு பூச்சு பூசுவார்கள். ஏற்கெனவே பூசியிருந்தால் இன்றைக்கே துணியால் வழித்தெடுத்து, சோப்புத் தண்ணீரால் கம்பத்தைக் கழுவிவிடுங்கள். பிசுக்கு பட்ட பறவை கிடைத்தால் நீங்களே குளிப்பாட்ட முயல வேண்டாம். காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில் வைத்து, வனவிலங்கு மீட்பவரிடமோ கால்நடை மருத்துவரிடமோ கொண்டுபோங்கள்.

பசை, ஆணி, மின்சாரம்

வேண்டவே வேண்டாம்.

தடுப்பை அசையாமல் இறுக்குவது

கிரீஸுக்குப் பதில் என்ன செய்யலாம்? சுமார் 60 செ.மீ. நீளமும் 15 முதல் 20 செ.மீ. விட்டமும் உள்ள தகரக் குழாய் ஒன்று போதும். அதன் மேல்வாயை மூடி, நடுவில் கம்பம் நுழையும் அளவுக்கு மட்டும் துளை போடுங்கள். கம்பத்தில் ஒரு கிளாம்ப் (இறுக்கிப் பிடிக்கும் வளையம்) மாட்டி, அதன்மேல் குழாயின் மூடி சும்மா உட்காரும்படி விடுங்கள். கீழே இருந்து ஏறும் அணில் குழாய்க்குள் புகுந்து மூடியில் முட்டித் திரும்பிவிடும். வெளிப்பக்கமாக ஏறப் பார்த்தால் குழாய் ஆடும், நகத்துக்குப் பிடிப்பு கிடைக்காது. பலர் ‘உறுதியாக இருக்கட்டும்’ என்று நான்கு பக்கமும் ஸ்க்ரூ போட்டு முடுக்கிவிடுகிறார்கள். அந்த ஸ்க்ரூ தலைகளே அணிலுக்குப் படிக்கட்டு. மேல்வாயைத் திறந்தே விட்டால் மொத்த உழைப்பும் வீண். வெட்டிய தகர விளிம்பை மடக்கி விடவும் மறக்காதீர்கள். பறவையின் காலும் அணிலின் காலும் அங்கேதான் உரசும்.

உயரத்தையும் தூரத்தையும் அளக்காமல் நடுவது

பெரிய அணில்கள் நின்ற இடத்திலிருந்தே ஒன்றேகால் மீட்டருக்கு மேல் எம்பும், பக்கவாட்டில் மூன்று மீட்டர் வரை தாவும். தடுப்பின் மேல்விளிம்பு தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கட்டும். மரம், வேலி, கூரை, துணிக்கொடி எதுவானாலும் மூன்று மீட்டருக்கு அப்பால். கிளைகள் வளரும் என்பதால் ஒரு முறை அளந்துவிட்டு விட்டுவிடக் கூடாது. தலைக்கு மேலே கிளை இருந்தால் கீழே எவ்வளவு நல்ல தடுப்பு வைத்தும் புண்ணியமில்லை. பின்னங்காலைத் திருப்பிப் பிடித்துத் தலைகீழாக இறங்குவது அணிலுக்குப் பிறவிக் கலை.

பிளாஸ்டிக் பாட்டிலை நம்புவது

அணிலின் முன்பற்கள் வாழ்நாள் முழுக்க வளரும், அதனால் அது எதையாவது கடித்துக்கொண்டே இருக்கும். கம்பத்தில் தடுப்பாக மாட்டிய பிளாஸ்டிக் பாட்டில் தாங்காது.

மிளகாய்த்தூளைத் தூவுவது

மிளகாயின் காரம் பறவைகளுக்கு உறைக்காது, அணிலுக்கு உறைக்கும். அதுவரை சரி. ஆனால் தீனியில் தூவிய உலர்ந்த தூள் காற்றில் பறந்து கண்ணில் விழும், உங்கள் கண்ணிலும்தான். மழை பெய்தால் அடித்துக்கொண்டு போய்விடும்.

சிந்தியதை அப்படியே விடுவது

பெட்டிக்குக் கீழே சிந்தும் தானியம்தான் அணிலை வரவழைக்கிறது. ஈரத்தில் பூஞ்சை பிடித்தால் அதைக் கொத்தும் பறவைக்கும் கெடுதல். தினமும் பெருக்கி அள்ளுங்கள். அள்ள முடியாத அளவுக்குச் சிந்தினால், வைக்கும் தானியத்தைப் பாதியாகக் குறைத்துப் பாருங்கள்.