நாவல் படமாகும்போது நடிகர் பட்டியலைப் பார்த்துக் கொதிக்கிறோமா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

மனசுக்கு நெருக்கமான நாவல் ஒன்று படமாகிறது என்று செய்தி வந்ததும் வாசகர்கள் முதலில் கேட்பது, "யார் யார் நடிக்கிறாங்க?" பட்டியல் வெளியான கொஞ்ச நேரத்திலேயே தீர்ப்பும் வந்துவிடும். "இவரா? போச்சு, கதையையே கெடுத்துட்டாங்க." அந்தக் கோபத்துக்கு அடியில் இருப்பது நாவல் மேல் உள்ள பாசம்தான். அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் அந்தப் பாசம் போய்ச் சேரக் கூடாத இடத்தில் போய் விழுவதை அடிக்கடி பார்க்கிறோம். அறிவிக்கப்பட்ட நடிகரை நாம் எதோடு ஒப்பிடுகிறோம் என்று ஒரு நிமிடம் யோசித்தால் பாதிக் கோபம் அடங்கிவிடும். மீதி இருப்பது நியாயமான விமர்சனமாக நிற்கும்.

இதற்குக் கல்கியின் 'பொன்னியின் செல்வ'னை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. 1950 முதல் 1954 வரை தொடராக வந்த நாவல், 2022-லும் 2023-லும் இரண்டு படங்களாக வந்தது. இடைப்பட்ட காலம் முழுக்கத் தமிழ்நாட்டில் வந்தியத்தேவனாக யார் நடிப்பது, நந்தினியாக யார் நடிப்பது என்ற பேச்சு ஓயவே இல்லை.

செய்தி எந்தக் கட்டத்தில் இருக்கிறது?

"கதை கேட்டிருக்கிறார்" என்பது ஒரு கட்டம். "பேச்சுவார்த்தை நடக்கிறது" என்பது இன்னொன்று. கால்ஷீட் கொடுத்து ஒப்பந்தம் ஆவது அதற்குப் பிறகு. தயாரிப்பு நிறுவனம் தன் பெயரில் அறிவிப்பது கடைசி. முதல் கட்டத்துச் செய்திக்குக் கடைசிக் கட்டத்துக் கோபத்தைக் காட்டுவதுதான் எல்லாரும் செய்கிற தவறு.

கடைசிக் கட்டம் வந்தாலும் படம் வரும் என்று உறுதி கிடையாது. 1958-இல் எம்.ஜி.ஆர். இந்த நாவலின் உரிமையை வாங்கி, தானே இயக்கி நடிப்பதாக அறிவித்தார். வைஜயந்திமாலா, பத்மினி, சாவித்திரி, ஜெமினி கணேசன் என்று அந்தக் காலத்தின் பெரிய பெயர்கள் எல்லாம் பட்டியலில் இருந்தன. படம் வரவில்லை. பிறகு கமல்ஹாசன் முயன்றார். 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மணிரத்னம் விஜய், மகேஷ் பாபு பெயர்களோடு ஒரு முயற்சி எடுத்தார், அதுவும் நின்றுபோனது. அப்போது 'மகேஷ் பாபு எப்படி அருள்மொழி ஆவார்' என்று சண்டை போட்டவர்களின் நேரம் எல்லாம் நடக்காத ஒரு படத்துக்குப் போனது. நாம் பார்த்த படத்தின் படப்பிடிப்பு தாய்லாந்தில் தொடங்கியது 2019 டிசம்பரில்.

மனதில் இருக்கும் முகம் யார் கொடுத்தது?

இதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு, கொஞ்சம் விரிவாகவே பார்க்க வேண்டியது.

"நான் படிச்சப்போ மனசுல பார்த்த நந்தினி இவங்க இல்லை" என்கிறோம். உண்மைதான். ஆனால் அந்த நந்தினியை நம் மனதில் வைத்தது கல்கி மட்டும் அல்ல. தொடர் வெளியானபோது வாராவாரம் மணியம் வரைந்த ஓவியங்கள் கூடவே வந்தன. மறுபடி தொடராக வந்தபோது வினு, பத்மவாசன் போன்றவர்கள் வரைந்தார்கள். வாசகரின் தலைமுறைக்கு ஏற்ப நந்தினியின் முகமும் மாறியிருக்கிறது. தாத்தா சொல்லும் நந்தினியும் பேத்தி சொல்லும் நந்தினியும் ஒருத்தியாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. இரண்டு பேரும் "புத்தகத்தில் இப்படித்தான் இருக்கு" என்று சத்தியம் செய்வார்கள்.

புத்தகத்தில் என்ன இருக்கிறது? குந்தவை, நந்தினி இருவரின் அழகையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கல்கி ஓரிடத்தில் எழுதுகிறார். நந்தினி பொன்னிற மேனி, குந்தவை செந்தாமரை நிறம். நந்தினிக்கு முழுநிலவு போல வட்ட முகம், குந்தவைக்குச் சிற்பி வடித்தது போலச் சற்றே நீண்ட முகம். கண்களுக்கு வந்தால் இன்னும் சுவாரஸ்யம். நந்தினியின் கண்கள் செவ்வரி ஓடிய கருநிறக் கண்கள். கருநீலக் கண்களைக் கல்கி கொடுத்திருப்பது குந்தவைக்கு! ஐஸ்வர்யா ராய் நந்தினியாக நடிக்கிறார் என்றதும் வயது, மொழி, ஊர் என்று என்னென்னவோ பேசினோம். கல்கியின் வரிகளை நாவலில் எடுத்து வைத்துக்கொண்டு, "கண் நிறம் இடம் மாறியிருக்கிறதே" என்று யாராவது கேட்டிருந்தால் அது புத்தகத்தைப் படித்தவரின் கேள்வி. (படத்துக்கு அது ஒரு குறையாக எனக்குத் தோன்றவில்லை என்பது வேறு விஷயம்.)

ஆழ்வார்க்கடியானும் அப்படித்தான். முன்குடுமி, நெற்றியில் நாமம், கையில் குறுந்தடி, கட்டையும் குட்டையுமாய் வைரம் பாய்ந்த உடம்பு. எழுத்திலேயே உருவம் இவ்வளவு துல்லியமாக இருக்கும் பாத்திரத்துக்கு, தோற்றத்தை வைத்துக் கேள்வி கேட்கலாம். ஜெயராமின் தேர்வை எழுத்தோடு ஒப்பிட்டு அலச நிறைய இடம் உண்டு. பல பாத்திரங்களுக்குக் கல்கி இந்த அளவு விவரம் தருவதில்லை. அங்கே நாம் சண்டை போடுவது நம் கற்பனையை வைத்துக்கொண்டு. அந்த வித்தியாசம் தெரிந்து பேசினால் போதும்.

நாவலின் முகத்தை நாவலாசிரியரே நடிகரிடம் கொடுத்த கதையும் கல்கியிடமே உண்டு. 'தியாகபூமி' தொடராக வந்தபோது, ஓவியங்களுக்குப் பதில் 1939-இல் வெளியான அந்தப் படத்தின் புகைப்படங்களே கூடவே அச்சாயின. அந்த வாசகர்களுக்குச் சம்பு சாஸ்திரி என்றால் முதல் நாளிலிருந்தே பாபநாசம் சிவன்தான்.

2022 செப்டம்பரில் சென்னையில் நடந்த 'பொன்னியின் செல்வன்' பட விழாவில் ரஜினிகாந்த், நாவலைப் படிக்கும்போது தன் மனதில் ஓடிய நடிகர்களைச் சொன்னார். வந்தியத்தேவனாகத் தானே, அருள்மொழியாகக் கமல், குந்தவையாக ஸ்ரீதேவி, நந்தினியாக ரேகா, ஆதித்த கரிகாலனாக விஜயகாந்த். கேட்கும்போதே அது எந்தக் காலத்துப் பட்டியல் என்று தெரிந்துவிடுகிறது. ஒவ்வொருவருக்கும் தன் இளமைக் காலத்து நடிகர்கள்தான் சோழ நாட்டு மனிதர்கள். நம் பட்டியலும் அப்படி ஒன்றுதான்.

ஒருவரைத் தனியாகப் பிரித்துப் பார்ப்பது

நடிகர் தேர்வு ஒருவரை வைத்து நடப்பதில்லை. நந்தினிக்கும் ஊமை ராணி மந்தாகினிக்கும் உள்ள உருவ ஒற்றுமைதான் கதையின் அச்சு. சுந்தர சோழரை நடுராத்திரியில் நடுங்க வைப்பது அந்த ஒற்றுமை. ஆகவே நந்தினியைத் தேடுகிறவர் மந்தாகினியையும் சேர்த்துத் தேட வேண்டும். இரண்டு வேடத்தையும் ஐஸ்வர்யா ராய் செய்ததற்குக் காரணம் கதையிலேயே இருக்கிறது. "நந்தினிக்கு இன்னும் சின்னப் பொண்ணா போட்டிருக்கலாமே" என்பவர், அந்தச் சின்னப் பெண்ணே மந்தாகினியாகவும் நிற்க முடியுமா என்றும் யோசித்துவிட்டுச் சொல்ல வேண்டும்.

கரிகாலன் மூத்தவன், நடுவில் குந்தவை, கடைசித் தம்பி அருள்மொழி. நிஜத்தில் அருள்மொழியாக நடித்த ஜெயம் ரவி, குந்தவையாக நடித்த த்ரிஷாவை விடக் கிட்டத்தட்ட மூன்று வயது மூத்தவர். பிறந்த ஆண்டைத் தேடிப் பிடித்து அந்தக் கணக்கைப் போடுவதை விட, திரையில் அக்கா தம்பியாக நம்ப முடிகிறதா என்று பார்ப்பதுதான் பயன். அதைப் படம் வந்த பிறகுதான் சொல்ல முடியும். பெரிய பழுவேட்டரையரைப் பொறுத்தவரை வயதே பாத்திரம். அறுபத்து நான்கு விழுப்புண் தாங்கிய கிழட்டுச் சிங்கம். 1954-இல் பிறந்த சரத்குமார் அந்த வேடத்துக்கு வந்தபோது வயது தானாகவே பொருந்தியது.

தமிழில் இன்னொன்றும் உண்டு, நாம் சுலபமாக மறந்துவிடுவது. இங்கே முகம் ஒருவருடையது, குரல் இன்னொருவருடையதாக இருக்கலாம். படத்தில் நந்தினிக்குத் தமிழில் குரல் கொடுத்தவர் தீபா வெங்கட். "அவங்களுக்குத் தமிழே வராதே" என்று போஸ்டர் வந்த அன்றே எழுதுகிறவர்கள் பாதிப் பாத்திரத்தை மட்டும் பார்த்து எழுதுகிறார்கள். டப்பிங்கே வேண்டாம், நடிகரே பேச வேண்டும் என்று ஒருவர் வாதாடலாம், நல்ல வாதம்தான். அந்த வாதத்தைத் தனியாக வைக்க வேண்டும்.

அதே பெயர், அதே வேடம் என்று நம்புவது

அறிவிப்பில் பாத்திரத்தின் பெயர் இருந்தால், நாவலில் அந்தப் பாத்திரத்துக்கு இருக்கும் அத்தனையும் படத்தில் இருக்கும் என்று நினைத்துவிடுகிறோம். ஐந்து பாகம் இரண்டு படமாகும்போது அது நடக்காது. சேந்தன் அமுதனாக அஷ்வின் ககுமானு நடித்தார். நாவலில் அவனுக்கு இருக்கும் எடை படத்தில் இல்லை, படம் வேறு வழியில் போய்விட்டது. நாவல் படிக்காதவர்களுக்காக அதற்கு மேல் சொல்லவில்லை. பட்டியல் வந்த அன்று "இவ்வளவு முக்கியமான வேடத்துக்கு இவரா" என்றோ, "ஆஹா, இந்த நடிகருக்குப் பெரிய வாய்ப்பு" என்றோ எழுதினால் இரண்டும் அவசரம்தான். திரைக்கதை நம் கையில் இல்லை.

பழைய படத்தை வைத்து முடிவு கட்டுவது

ரஜினிகாந்த் அதே விழாவில் இன்னொன்றும் சொன்னார். பெரிய பழுவேட்டரையர் வேடத்தைத் தானே கேட்டதாகவும், ரசிகர்களிடம் திட்டு வாங்க வேண்டியிருக்கும் என்று மணிரத்னம் மறுத்துவிட்டதாகவும். நட்சத்திரத்தைச் சுற்றி நாம் கட்டி வைத்திருக்கும் வேலி எவ்வளவு உயரம் என்பதற்கு இது போதும்.

வெளிநாட்டில் ஹீத் லெட்ஜர் பெயரை எல்லோரும் சொல்வார்கள். 2006-இல் ஜோக்கர் வேடம் அவருக்கு என்றபோது பேட்மேன் ரசிகர்கள் பலர் எதிர்த்தார்கள். 2008-இல் படம் வந்தது, 2009-இல் அவர் மறைவுக்குப் பின் ஆஸ்கர் வந்தது. சரி. ஆனால் இந்த ஒரு கதையைக் காட்டி, எந்த விமர்சனத்தையும் "லெட்ஜரையும் இப்படித்தான் சொன்னீங்க" என்று வாயடைப்பதும் தவறு. ஒருவர் விஷயத்தில் ரசிகர்கள் தப்பாகக் கணித்தார்கள் என்பதால் எல்லாத் தேர்வும் சரியாகிவிடாது.

நடிகரிடம் போய்ச் சண்டை போடுவது

இதில் எனக்கு விட்டுக்கொடுக்க ஒன்றும் இல்லை. 2012-இல் 'தி ஹங்கர் கேம்ஸ்' வந்தபோது ரூ என்ற சிறுமியாக அமாண்ட்லா ஸ்டென்பெர்க் நடித்தார். அப்போது அவருக்கு வயது 13. கறுப்பினக் குழந்தை எப்படி ரூ ஆகலாம் என்று வாசகர்கள் சிலர் ட்விட்டரில் கேவலமாக எழுதினார்கள். நாவலில் ரூவின் தோல் அடர்பழுப்பு நிறம் என்று தெளிவாகவே இருக்கிறது. புத்தகத்துக்கு விசுவாசம் என்று கிளம்பியவர்கள் புத்தகத்தையே சரியாகப் படிக்கவில்லை. அதற்கான விலையை ஒரு குழந்தை கொடுத்தது.

நிறத்தையும் இனத்தையும் பற்றி ஒழுங்காகப் பேசவும் முடியும். 'தி லாஸ்ட் ஏர்பெண்டர்' அனிமேஷன் தொடர் முழுக்க ஆசிய, இனுயிட் பண்பாட்டுச் சாயல். எம். நைட் சியாமளன் அதைப் படமாக்கியபோது முக்கிய நல்லவர்கள் வேடத்துக்கு முதலில் வெள்ளையர்கள் அறிவிக்கப்பட்டார்கள். ரசிகர்கள் எதிர்த்தார்கள். தயாரிப்பாளர்களுக்குக் கடிதம் எழுதினார்கள், தொடரின் காட்சிகளை ஆதாரமாக வைத்தார்கள். கேள்வி தேர்வு செய்தவர்களை நோக்கிப் போனது. 2010-இல் அந்த வேடங்கள் மாறாமலே படம் வந்தாலும், அவர்கள் எழுப்பிய கேள்வி இன்றும் ஹாலிவுட்டில் மேற்கோள் காட்டப்படுகிறது.

நம் ஊரிலும் "தமிழ் நாவலுக்குத் தமிழ் நடிகைகள் இல்லையா" என்ற கேள்வி வரும். அதில் நியாயம் உண்டு, தமிழ்ப் பெண்களுக்குத் தமிழ்ப் படங்களில் வாய்ப்புக் குறைவு என்பது பழைய குறை. அதைத் தயாரிப்பாளரிடமும் இயக்குநரிடமும் கேட்க வேண்டும். கூப்பிட்டு வந்து நடித்த சோபிதாவையோ ஐஸ்வர்யா லட்சுமியையோ அவர்களுடைய சமூக வலைத்தளப் பக்கத்துக்குப் போய் வைவதற்கு அதில் இடமில்லை. ஐஸ்வர்யா ராய் முதன்முதலில் நடித்த படமே 1997-இல் வந்த தமிழ்ப் படம், இதே மணிரத்னத்தின் 'இருவர்'.

குறை சொல்ல வேண்டும் என்றால் அது எங்கே இருக்கிறது என்று பார்த்துச் சொல்லலாம். பொன்னியின் செல்வனில் எனக்கு ஒரு பெரிய குறை உண்டு. பட்டியல் வந்ததிலிருந்து கடைசிவரை மணிமேகலையின் பெயரைத் தேடிக்கொண்டே இருந்தேன். அவள் இரண்டு படத்திலும் இல்லை. கடம்பூர் மாளிகையில் வந்தியத்தேவனுக்காக உருகும் பெண், நாவலின் கடைசி அத்தியாயத்தையே கல்கி அவளுக்குத்தான் கொடுத்திருக்கிறார். அவள் இல்லாமல் வந்தியத்தேவனின் கதை பாதி லேசாகிவிடுகிறது. கார்த்தி நன்றாகவே செய்திருக்கிறார், எனக்கு அவரிடம் எந்த வருத்தமும் இல்லை. என் வழக்கு திரைக்கதை எழுதியவர்களோடு.