தங்கத்தின் மேல் மூலக்கூறு கட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

யாழ்ப்பாணம் கன்னாதிட்டியில் ஒரு நகைப் பத்தர் அறுந்த சங்கிலியை ஒட்டுவதைச் சென்ற மாதம் பக்கத்தில் இருந்து பார்த்தேன். இரண்டு முனைகளையும் முதலில் சுரண்டித் துடைத்தார். வெங்காரத்தைக் குழைத்துத் தடவினார். குருணை அரிசியிலும் சிறிய பொடித் (ஒட்டுவதற்கான உலோகக் கலவை) துணுக்கு ஒன்றை இடுக்கியால் எடுத்து இணைப்பில் வைத்து, ஊதுகுழலால் சுடரை வளைத்துப் பிடித்தார். பொடி உருகி ஓடிய கணத்திலேயே சுடர் விலகிவிட்டது. "ஒரு மூச்சு கூடினால் சங்கிலியே போய்விடும்" என்றார்.

அன்று என் பையில் இறுதியாண்டு மாணவர்களின் கட்டுரைகள் இருந்தன. உலோக மேற்பரப்பில் புதிய சேதன மூலக்கூறுகளை, அதாவது காபனை அடிப்படையாகக் கொண்டவற்றை, கட்டுவது பற்றியவை. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் மாலை வேளைகளில் நாலைந்து பேர் கூடி இந்தத் துறையை வாசிக்கிறோம். பத்தர் கவனமாக இருந்த அதே இடங்களில்தான் என் பிள்ளைகள் தவறுகிறார்கள்: எந்த உலோகம், எவ்வளவு துப்புரவு, எவ்வளவு சூடு.

வேலை இதுதான். குடுவையும் கரைப்பானும் இல்லை. உயர் வெற்றிடத்தில் தொடக்கப்பொருளின் தூளைச் சூடாக்கி ஆவியாக்குகிறோம். ஆவி, ஒற்றைப் பளிங்காக வளர்த்த தங்கம், வெள்ளி அல்லது செப்பின் தட்டையான முகத்தில் படிகிறது. மூலக்கூறுகள் அங்கே ஊர்ந்து, ஒன்றையொன்று கண்டு பிணைகின்றன. கரைசலில் செய்யவே முடியாத பல மூலக்கூறுகள் இப்படிப் பிறந்திருக்கின்றன.

எல்லாத் தவறுகளுக்கும் தாய் ஒன்று உண்டு: உலோகத்தை வெறும் மேசையாக நினைப்பது. இரசாயனவியலாளர் ஃபிரிட்ஸ் உல்மன் 1901இல் அறிவித்த, பென்சீன் வளையங்களை இணைக்கும் தாக்கத்திலேயே செப்புத் தூள் பங்காளியாக இருந்தது. பென்சீன் வளையத்தில், இணைய வேண்டிய இடத்தில் இருக்கும் புரோமினைப் பிய்த்தெடுப்பது உலோகம். செப்பின் மேல் அறை வெப்பநிலையிலேயே அது பெரும்பாலும் நடந்துவிடும். தங்கத்தின் மேல் நூறு பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்க வேண்டியிருக்கும். புரோமின் போனதும் வெறுங்கையுடன் நிற்கும் காபன், அருகில் உள்ள உலோக அணுவைப் பற்றிக்கொள்ளும். ஆகவே செப்பின் மேலும் வெள்ளியின் மேலும் முதலில் உருவாவது காபன்–உலோகம்–காபன் என்ற இடைநிலைச் சங்கிலி. மேலும் சூடாக்கிய பின்புதான் உலோக அணு நடுவிலிருந்து விலக, காபனும் காபனும் கைகோக்கும்.

இதைக் கவனிக்காமல் விடுவது எவ்வளவு எளிது என்று ஒரு மாலையில் பார்த்தோம். மூன்று பென்சீன் வளையங்கள் வரிசையாக நிற்க, இரு முனையிலும் புரோமின் கொண்ட மூலக்கூறைச் செப்பின் மேல் இட்டால் என்ன வரும் என்பது பயிற்சி. நுணுக்குக்காட்டிப் படத்தில் நீளமான சங்கிலியைக் கண்டதும் ஒரு மாணவன், "சேர், பல்பகுதியம் வந்துவிட்டது" என்றான்; வளையங்கள் நேரடியாகப் பிணைந்த நீள்சங்கிலி என்று நினைத்தான். அடிமட்டத்தைக் கொடுத்து, அலகுக்கு அலகு எவ்வளவு தூரம் என்று அளக்கச் சொன்னேன். அளந்தான், அளவுத்திட்டத்தோடு ஒப்பிட்டான்: சுமார் 1.5 நனோமீற்றர். நேரடியாக இணைந்த மூன்று வளையங்களுக்கு 1.3 போதும். "மீதி 0.2 எங்கிருந்து வந்தது?" என்று கேட்டேன். சிறிது நேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நடுவில் செப்பு நிற்கிறது" என்றான். சங்கிலியைக் கண்டவுடன் பெயர் வைக்காதீர்கள். முதலில் அளந்து பாருங்கள்.

அதே படத்தில் சங்கிலிகளுக்கு இடையே சிறு புள்ளிகள் தெரிந்தன. அவற்றை அழுக்கு என்று ஒதுக்குவது அடுத்த பிழை. பிரிந்த புரோமின் மாயமாக மறைவதில்லை. மேற்பரப்பிலேயே தங்கி, இடத்தைப் பிடித்துக்கொண்டு, சங்கிலிகள் அடுக்கும் விதத்தையும் மாற்றும். தங்கத்தின் மேல் ஐதரசன் கிடைத்தால், ஐதரசன் புரோமைட்டாகக் கிளம்பிப் போகும்.

சூட்டில் அவசரப்படுவதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். 2010இல் சுவிற்சர்லாந்து, ஜேர்மனி ஆய்வாளர்கள் தங்கத்தின் மேல் கிராபீன் (ஓர் அணுத் தடிப்புள்ள காபன் தாள்) நாடாக்களைக் கட்டினார்கள். தொடக்கப்பொருள் புரோமின் இரண்டைத் தாங்கிய இரட்டை அந்திரசீன். சுமார் 200 பாகையில் புரோமின் நீங்கிச் சங்கிலி வளர்ந்தது. சுமார் 400 பாகையில் பக்கத்து வளையங்கள் ஐதரசனை உதிர்த்து ஒன்றோடொன்று தைத்துக்கொள்ள, நாடா தட்டையானது. ஏன் இரண்டு படி? ஒரே மூச்சில் 400க்குப் போனால், தைக்கும்போது உதிரும் ஐதரசன் இன்னும் வளர வேண்டிய முனைகளில் போய் ஒட்டிக்கொள்ளும். சுயாதீன மூலிகமாக, அதாவது சோடியற்ற இலத்திரனோடு, அடுத்த துணைக்குக் காத்திருந்த முனை அத்துடன் அடைபட்டுப் போகும். கிடைப்பது குட்டைத் துண்டுகள். முதற்படியில் பொறுமையாக நின்றவருக்கே நீண்ட நாடா.

துப்புரவு விடயத்தில் எண்களைச் சொன்னால் போதும். பத்து இலட்சத்தில் ஒரு டொர் அமுக்கத்தில்கூட, மோதும் மூலக்கூறெல்லாம் ஒட்டினால், ஒரே செக்கனில் மேற்பரப்பு முழுவதும் ஒரு படை அழுக்கு மூடிவிடும். ஆயிரம் கோடியில் ஒரு டொருக்கு இறங்கினால் ஏறக்குறைய மூன்று மணி நேரம் கிடைக்கும். ஆகன் அயன்களால் அடித்துச் சுரண்டுவது, சூடாக்கிச் சமப்படுத்துவது, மறுபடி அடிப்பது என்று திரும்பத் திரும்பச் செய்வதற்குக் காரணம் இதுதான். பளிங்கைத் துடைத்துவிட்டுத் தூளை மறப்பவர்களும் உண்டு. தூளில் ஒளிந்திருக்கும் கரைப்பானையும் ஈரத்தையும், பளிங்கை மறைத்து வைத்துக்கொண்டு மெல்லச் சூடாக்கி வெளியேற்றிய பிறகே படிய விட வேண்டும்.

குடுவைப் பழக்கத்தை அப்படியே கொண்டுவருவதும் கெடுக்கும். கரைசலில் இரண்டு வளையங்கள் ஒன்றுக்கொன்று சரிந்து திரும்பி இணையலாம். உலோகம் இரண்டையும் தட்டையாக இழுத்துப் பிடிக்கும்; பிணைய வேண்டிய காபனுக்குப் பக்கத்து ஐதரசன்கள் முட்டிக்கொண்டு தடுக்கும். தாளில் அழகாக இணையும் மூலக்கூறு தங்கத்தில் இணையாமல் கிடப்பது இதனால்தான். அதேபோல் மிகவும் கனமான மூலக்கூறு, ஆவியாகும் முன்பே சட்டியில் கருகிவிடும். வரைவதற்கு முன் இந்த இரண்டையும் கேட்டுக்கொள்ளுங்கள். இணைப்பின் வரிசை முக்கியமென்றால் ஓர் இடத்தில் அயடீனும் மற்ற இடத்தில் புரோமினும் வையுங்கள்; அயடீன் முந்திப் பிரியும்.

படத்தைப் புகைப்படமாக வாசிப்பது அனுபவசாலிகளுக்கும் வரும் தவறு. பௌதிகவியலாளர்கள் பின்னிக்கும் ரோரரும் 1981இல் உருவாக்கிய எஸ்.ரி.எம் (வருடும் ஊடுருவல்) நுணுக்குக்காட்டியில் ஊசிமுனைக்கும் மேற்பரப்புக்கும் இடையே ஓடும் இலத்திரன் ஓட்டத்தையே அளக்கிறோம். பிரகாசமாகத் தெரியும் இடம் உயரமாகவும் இருக்கலாம், இலத்திரன்கள் தாராளமாகக் கிடைக்கும் தாழ்ந்த இடமாகவும் இருக்கலாம். பிணைப்புகளை நேராகப் பார்க்க வேறு வழி வேண்டும்: 2009இல் அணுவிசை நுணுக்குக்காட்டியின் முனையில் ஒரேயொரு காபனோரொட்சைட்டு மூலக்கூறை ஏந்தி, பென்டசீனின் ஐந்து வளையங்களையும் தனித்தனியே காட்டினார்கள்.

"எத்தனை கிராம் எடுக்கலாம்?" என்று ஒரு மாணவி கேட்டாள். கணக்கைக் கரும்பலகையில் போட்டோம். ஒரு மூலக்கூறுக்கு ஒரு சதுர நனோமீற்றர் என்றால், ஒரு சதுர சென்ரிமீற்றரில் பத்துக் கோடிக் கோடி… அங்கேயே பூச்சியங்களில் தடுமாறினோம், திருத்தினோம்: ஒரு கோடியை ஒரு கோடியால் பெருக்கினால் வரும் தொகை. மூலக்கூற்றுத் திணிவு 500 என்று வைத்தால், ஒரு கிராமின் கோடியில் ஒரு பங்குகூடத் தேறாது. நிறுத்துப் பார்க்கும் விளைவை இங்கே தேடக் கூடாது.

கிடைக்கும் அந்தச் சிறிதளவும் உலோகத்தின் மேல் ஒட்டியே கிடக்கும். அப்படிக் கிடக்கும்போது அளந்த மின்னியல்பை மூலக்கூறின் சொந்த இயல்பாக எழுதிவிடுவது கடைசித் தவறு. உலோகத்தின் இலத்திரன்கள் மூலக்கூறின் இலத்திரன்களோடு கலந்துவிடுகின்றன. 2019இல் 18 காபன் அணுக்கள் மட்டுமே கொண்ட வளையத்தை உருவாக்கியவர்கள், அதைச் செப்பின் மேல் நேரே வைக்கவில்லை. இடையில் சோடியங்குளோரைட்டு விரித்தார்கள். ஆனையிறவில் வெயிலில் விளையும் அதே உப்பு, இரண்டே அணுப்படைத் தடிப்பில், 5 கெல்வின் குளிரில்.