அல்ட்ராவைடு ஒன்றா, சாதாரண மானிட்டர் இரண்டா? மேசைக்கு ஏற்றதைத் தேர்ந்தெடுக்கும் முறை

விலை பார்க்கும் முன் அளவு நாடாவை எடுங்கள். மேசை எவ்வளவு அகலம், எவ்வளவு ஆழம், லேப்டாப்பில் என்னென்ன போர்ட் இருக்கிறது: இந்த மூன்றும் தெரிந்தால் பாதி மாடல்கள் தானாகக் கழிந்துவிடும். மீதியை நீங்கள் செய்யும் வேலை தீர்மானிக்கும்.

மேசையில் எது நிற்கும்?

4 அடிக்கு 2 அடி மேசையை எடுத்துக்கொள்வோம். செ.மீ. கணக்கில் 122 × 61. 24 இன்ச் மானிட்டர் ஒன்று சுமார் 54 செ.மீ. அகலம், இரண்டு வைத்தால் 108. நெருக்கம்தான், ஆனாலும் நிற்கும். 27 இன்ச் இரண்டு என்றால் 122. மேசை விளிம்புக்கு விளிம்பு அடைந்துவிடும், லேப்டாப்பைத் திறந்து வைக்க இடமே இருக்காது. 34 இன்ச் அல்ட்ராவைடு (பக்கவாட்டில் நீண்ட ஒற்றைத் திரை) 80 முதல் 82 செ.மீ.தான், இரு பக்கமும் 20 செ.மீ. மிஞ்சும். 49 இன்ச் திரை 120 செ.மீ. அகலம்; 5 அடிக்குக் குறைந்த மேசை வைத்திருப்பவர் அதை யோசிக்கவே வேண்டாம்.

அகலத்தை அளப்பவர்கள் ஆழத்தை மறந்துவிடுகிறார்கள். அல்ட்ராவைடுகளின் ஸ்டாண்ட் பெரும்பாலும் 20 முதல் 25 செ.மீ. ஆழத்தை எடுத்துக்கொள்ளும். 2 அடி ஆழ மேசையில் வைத்தால் திரை கண்ணிலிருந்து 45 செ.மீ. தூரத்துக்கு வந்துவிடும். அந்தத் தூரத்தில் 34 இன்ச் திரையின் ஓரங்களைப் பார்க்கக் கழுத்தைத் திருப்ப வேண்டியிருக்கும். 60 முதல் 70 செ.மீ. இருந்தால் வசதி. ஸ்டாண்டைக் கழற்றிவிட்டு மானிட்டர் ஆர்மில் (மேசை விளிம்பில் இறுக்கும் மடக்குக் கை) மாட்டினால் அது கிடைக்கும். ஒரு சிக்கல்: ஆர்மைப் பின்னுக்குத் தள்ளும்போது அதன் முழங்கை மேசைக்கு வெளியே நீட்டும். மேசை சுவரை ஒட்டியிருந்தால் அது சுவரில் இடிக்கும். ஆர்மைப் பக்கவாட்டில் மடக்குங்கள், இல்லையென்றால் மேசையை ஒரு சாண் முன்னால் இழுங்கள்.

பிக்சல் கணக்கு

அல்ட்ராவைடு வாங்கினால் இடம் அதிகம் கிடைக்கும் என்பது எப்போதும் உண்மையல்ல. ஒப்பிட்டுப் பாருங்கள்:

24 இன்ச், 1920 × 1080, இரண்டு: மொத்தம் சுமார் 41 லட்சம் பிக்சல்
34 இன்ச், 3440 × 1440, ஒன்று: சுமார் 50 லட்சம்
27 இன்ச், 2560 × 1440, இரண்டு: சுமார் 74 லட்சம்
49 இன்ச், 5120 × 1440, ஒன்று: அதே 74 லட்சம்

34 இன்ச் அல்ட்ராவைடின் உயரம் 27 இன்ச் மானிட்டரின் உயரமேதான், 33 செ.மீ. சொச்சம். அதாவது 27 இன்ச் திரையைப் பக்கவாட்டில் மூன்றில் ஒரு பங்கு நீட்டியதுதான் 34. 49 இன்ச் என்பது இரண்டு 27 இன்ச்சை நடுச்சட்டம் இல்லாமல் ஒட்டியது.

வாங்கவே கூடாத ஒன்று: 34 இன்ச்சில் 2560 × 1080. விலை குறைவாக இருப்பதால் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். ஒரு இன்ச்சுக்கு 82 பிக்சல்தான் வரும். 24 இன்ச் சாதாரண மானிட்டரிலேயே 92 உண்டு. ஆங்கில எழுத்து எப்படியோ தப்பித்துவிடும். தமிழில் ணி, ஞ, கூ போன்ற சுழி எழுத்துகளின் சுழிகள் அடைத்துக்கொண்டு கறுப்புப் புள்ளியாகத் தெரியும். தமிழில் நாள்முழுக்கத் தட்டச்சு செய்பவர் 3440 × 1440க்குக் கீழே இறங்க வேண்டாம். அதில் இன்ச்சுக்கு 110 பிக்சல் கிடைக்கிறது. மேக் பயன்படுத்துபவர்களுக்கு இதிலும் எழுத்து லேப்டாப் திரை அளவுக்குக் கூர்மையாக இராது. அவர்களுக்கு 27 இன்ச் 4கே ஒன்றே மேல்.

லேப்டாப் எத்தனை திரையை ஓட்டும்?

இரண்டு மானிட்டர் வாங்கிவிட்டு ஒன்று மட்டும் எரிகிறது என்ற புகார் பெரும்பாலும் இங்கிருந்துதான் வருகிறது. மேக்புக் ஏரில் எம்1, எம்2 சிப் இருந்தால் வெளித்திரை ஒன்றுதான். எம்3 ஏரில் மூடியை மூடி வைத்தால் இரண்டு. எம்4இல் மூடி திறந்திருந்தாலும் இரண்டு. இரண்டு எச்டிஎம்ஐ உள்ள மலிவு ஹப் (ஒரு போர்ட்டைப் பலவாகப் பிரிக்கும் பெட்டி) வாங்கி மேக்கில் சொருகினால் இரண்டு திரையிலும் ஒரே படம் வரும், ஏனென்றால் ஒரு கேபிளில் இரண்டு தனித் திரைகளை அனுப்பும் எம்எஸ்டி முறையை மேக் ஏற்பதில்லை. அதே ஹப் விண்டோஸ் லேப்டாப்பில் பெரும்பாலும் சரியாக வேலை செய்யும். மேக்கில் இதைத் தாண்டப் பலர் எடுக்கும் வழி, படத்தை யுஎஸ்பி தரவாக அனுப்பும் டிஸ்ப்ளேலிங்க் சிப் உள்ள டாக். அதற்குத் தனி மென்பொருள் நிறுவி, திரைப்பதிவு அனுமதி தர வேண்டும். காப்புரிமைப் பூட்டுள்ள ஸ்ட்ரீமிங் வீடியோக்கள் அதில் கறுப்பாகத் தெரியும். எம்1, எம்2 ஏர் வைத்திருப்பவருக்கு எங்கள் பரிந்துரை தயங்காமல் ஒற்றை அல்ட்ராவைடு.

விண்டோஸ் லேப்டாப்பில் பெரும்பாலும் எச்டிஎம்ஐ ஒன்று இருக்கும். இரண்டாவது திரை யுஎஸ்பி-சி வழியாகப் போக வேண்டும், ஆனால் எல்லா யுஎஸ்பி-சி போர்ட்டிலும் படம் வராது. போர்ட்டின் அருகே டிஸ்ப்ளே போர்ட்டின் குறியோ தண்டர்போல்ட்டின் மின்னல் குறியோ இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் மாடல் எண்ணைத் தேடி, விவரப் பட்டியலில் யுஎஸ்பி-சி வரிக்கு நேரே டிஸ்ப்ளே போர்ட் என்ற சொல் இருக்கிறதா என்று உறுதிசெய்யுங்கள்.

அல்ட்ராவைடுக்குத் தடை வேறு விதமானது. பழைய லேப்டாப்பின் எச்டிஎம்ஐ 1.4 போர்ட்டில் 3440 × 1440 பெரும்பாலும் 50 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 50 முறை படம் புதுப்பிக்கப்படுவது) வரைதான் ஓடும். சில ஹப்களில் 30தான். 30இல் மவுஸ் அம்பு இழுத்து இழுத்து நகரும், அரை மணி நேரத்தில் எரிச்சல் வந்துவிடும். எச்டிஎம்ஐ 2.0 அல்லது டிஸ்ப்ளே போர்ட் 1.2 இருந்தால் 100 ஹெர்ட்ஸ் வரை கவலையில்லை. டிஸ்ப்ளே போர்ட்டிலிருந்து எச்டிஎம்ஐக்குப் போகும் சாதாரண கேபிள் ஒருவழிப் பாதை: கணினி பக்கம் டிஸ்ப்ளே போர்ட், மானிட்டர் பக்கம் எச்டிஎம்ஐ. திருப்பிப் போட்டால் படம் வராது.

என்ன வேலை செய்கிறீர்கள்?

ஒரே பொருள் பக்கவாட்டில் நீளும் வேலை என்றால் அல்ட்ராவைடு. வீடியோ எடிட்டிங் டைம்லைன், இசைக் கோவையின் தடங்கள், 30 நெடுவரிசை உள்ள எக்செல் பட்டியல், கட்டட வரைபடம் எல்லாம் இந்த வகை. இவற்றை இரண்டு மானிட்டரில் இழுத்துப் பரப்பினால் நடுச்சட்டம் சரியாக முக்கியமான இடத்தில் வந்து நிற்கும்.

ஒன்றுக்கொன்று ஒட்டாத இரண்டு வேலை என்றால் இரண்டு மானிட்டர். ஒன்றில் நிரல், மற்றதில் ஆவணம். ஒன்றில் வாடிக்கையாளர் விவரம், மற்றதில் மின்னஞ்சல். மொழிபெயர்ப்பு, கணக்கு சரிபார்ப்பு, ஆன்லைன் வகுப்பு எடுப்பதும் இப்படித்தான். இரண்டாவதைச் செங்குத்தாகத் திருப்பி வைக்கலாம் என்பது கூடுதல் லாபம். நீண்ட நிரல், பிடிஎஃப் படிக்க அதைவிட நல்ல அமைப்பு இல்லை. ஒன்று பழுதானாலும் வேலை நிற்காது.

வீட்டிலிருந்து வேலை செய்பவர்களுக்கு முடிவைத் தலைகீழாக மாற்றுவது ஸ்கிரீன் ஷேர். 3440 பிக்சல் அகலத் திரையை முழுதாகப் பகிர்ந்தால், எதிரே 1920 அகல லேப்டாப்பில் பார்ப்பவருக்கு எழுத்து கிட்டத்தட்டப் பாதியாகச் சுருங்கிவிடும், மேலும் கீழும் கறுப்புப் பட்டை வேறு. “கொஞ்சம் ஜூம் பண்ணுங்க” என்று ஒவ்வொரு மீட்டிங்கிலும் கேட்பார்கள். ஜூம் மீட்டிங் செயலியில் திரையின் ஒரு பகுதியை மட்டும் பகிரும் வசதி உண்டு. மற்றவற்றில் ஒற்றை விண்டோவைப் பகிரலாம், ஆனால் நீங்கள் வேறு விண்டோவுக்குத் தாவும்போது அது அவர்களுக்குத் தெரியாது. தினமும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் திரை பகிர்பவர் இரண்டு மானிட்டர் எடுத்துக்கொள்வதே நிம்மதி: ஒன்றை முழுதாகப் பகிருங்கள், சாட் எல்லாம் மற்றதில்.

விளையாட்டுக்கு என்றால் அல்ட்ராவைடு அழகுதான். ஆனால் 2560 × 1440ஐவிட 34 சதவீதம் அதிகப் பிக்சலை கிராபிக்ஸ் கார்டு வரைய வேண்டும். ஓஎல்ஈடி அல்ட்ராவைடு விளையாட்டுக்கும் படத்துக்கும் அருமை. நாள்முழுக்க ஒரே டாஸ்க்பார் நிற்கும் அலுவலக வேலைக்கு அதன் தழும்பு திரையில் பதியும் அபாயம் உண்டு.

இரண்டுக்கும் நடுவே பலர் கவனிக்காத வழி ஒன்று இருக்கிறது. 27 இன்ச் 2560 × 1440 ஒன்றை நேர் எதிரே வைத்து, லேப்டாப்பை ஸ்டாண்டில் உயர்த்திப் பக்கத்தில் வையுங்கள். சாட், மெயில் அதில். 4 அடி மேசையில் அடங்கும், கிட்டத்தட்ட எல்லா லேப்டாப்பும் தாங்கும், செலவும் குறைவு. எதை வாங்குவது என்று குழம்புபவர் இதில் தொடங்கலாம்; போதவில்லை என்றால் அதே மாடலில் இன்னொன்று சேர்த்துக்கொள்ளலாம்.

பொருத்தும்போது

1. ஆர்ம் வாங்கும் முன் ஸ்டாண்ட் இல்லாமல் மானிட்டரின் எடையைப் பாருங்கள். 34 இன்ச் திரைகள் 5 முதல் 8 கிலோ வரை இருக்கும். ஆர்மின் உச்ச வரம்பும் குறைந்தபட்ச வரம்பும் இரண்டுமே முக்கியம்: 3 கிலோ மானிட்டரைக் கனமான ஆர்மில் மாட்டினால் அது தானாக மேலே எழும்பும். வளைந்த திரையின் எடை முன்பக்கம் சாய்வதால் தலை கவிழும். சாய்வு மூட்டின் போல்ட்டை அறுகோணச் சாவியால் இறுக்குங்கள்.

2. பின்புறத் துளைகள் 75 × 75 அல்லது 100 × 100 மி.மீ. வெசா (மானிட்டர் மாட்டும் துளைகளுக்கான பொதுத் தரம்) அளவில் உள்ளனவா என்று பாருங்கள். திருகு பெரும்பாலும் எம்4 (4 மி.மீ. தடிமன்). கையால் சுழற்றும்போது பாதியில் தடுத்தால் பலம் கொடுத்து முறுக்க வேண்டாம், நீளத் திருகு உள்ளே பேனலைக் குத்திவிடும்.

3. பார்ட்டிகிள் போர்டு மேசையில் ஆர்மின் கிளாம்பை (விளிம்பைக் கவ்வும் பிடி) நேரடியாக இறுக்கினால் பலகை நசுங்கும். மேலும் கீழும் இரும்புத் தகடு வைத்து இறுக்குங்கள். கண்ணாடி மேசையில் கிளாம்ப் கூடவே கூடாது.

4. திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்தில் அல்லது சற்றுக் கீழே இருக்கட்டும். இரண்டு மானிட்டரையும் சமமாகப் பயன்படுத்தினால் மட்டுமே இணைப்புக்கோடு மூக்குக்கு நேரே வரலாம். ஒன்றில்தான் அதிக வேலை என்றால் அதை நேராக வைத்து, மற்றதைப் பக்கத்தில் சாய்வாக வையுங்கள். இதைச் செய்யாததால் வரும் கழுத்து வலிக்கு நாற்காலியைக் குறை சொல்லிப் பயனில்லை.

5. விண்டோஸ் டிஸ்ப்ளே அமைப்பில் இரண்டு பெட்டிகளையும் மேசையில் இருக்கும் அதே உயரத்துக்கு இழுத்து நிறுத்துங்கள். இல்லையென்றால் மவுஸ் எல்லையில் முட்டி நிற்கும். பிறகு அட்வான்ஸ்டு டிஸ்ப்ளேவுக்குள் போய் ஹெர்ட்ஸைப் பாருங்கள். 100 ஹெர்ட்ஸ் மானிட்டர் பல நேரம் 60இலேயே கிடக்கும்.

6. அல்ட்ராவைடில் விண்டோவை முழுத்திரைக்கு விரிக்கும் பழக்கத்தை விடுங்கள். வரி 80 செ.மீ. நீளம் ஓடினால் கண் அடுத்த வரியைத் தவறவிடும். விண்டோஸ் 11இல் விண்டோஸ் பொத்தானும் இசட்டும் சேர்த்து அழுத்தினால் பிரிவுகள் வரும். நடுவில் அகலமாகவும் இரு பக்கமும் குறுகலாகவும் பிரிக்க மைக்ரோசாப்டின் இலவசத் தொகுப்பான பவர்டாய்ஸில் உள்ள ஃபேன்சிஸோன்ஸ் நல்லது. ஷிஃப்ட் அழுத்திக்கொண்டு விண்டோவை இழுத்தால் கட்டத்தில் போய் உட்காரும். மேக்கில் மூன்றாகப் பிரிக்க ரெக்டாங்கிள் செயலி போதும்.

7. இரண்டு மானிட்டர் என்றால் ஒரே மாடலாக, முடிந்தால் ஒரே நேரத்தில் வாங்குங்கள். ஐபிஎஸ் பேனல் ஒன்று, விஏ பேனல் ஒன்று என்று திரை வகைகளைக் கலந்தால் ஒரே வெள்ளை ஒன்றில் மஞ்சளாகவும் மற்றதில் நீலமாகவும் தெரியலாம். எவ்வளவு திருகினாலும் முழுதாக ஒத்துவராது.

8. பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள். திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் இருட்டில் முழுக் கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒவ்வொரு நிறத்தையும் முழுத்திரையில் ஓடவிட்டு, எரியாத புள்ளியும் ஓர வெளிச்சமும் தேடுங்கள். பிறகு அடர்நிறப் பின்னணியில் ஒரு தமிழ்ப் பக்கத்தைத் திறந்து வேகமாக உருட்டுங்கள். மலிவு விஏ பேனல் என்றால் எழுத்துகளின் பின்னால் கறுப்பு வால் இழுக்கும். கண்ணை உறுத்தினால் அப்போதே திருப்பி அனுப்பிவிடுங்கள்.