புலம்பலை மனுவாக்குவது எப்படி

மாலை ஆறு மணிக்கு மேல் என் ஜெராக்ஸ் கடையில் ஆள் கூடிவிடும். ஓய்வுபெற்ற வாத்தியார், எதிர்க்கடைத் தையல்காரர், ஆட்டோ ஓட்டும் நண்பர், நான். ரோடு, சாக்கடை, தெருவிளக்கு என்று ஆரம்பித்து எப்படியும் கட்சியில் போய் நிற்கும். வாத்தியார் ஒரு கட்சி, ஆட்டோக்காரர் அதற்கு நேர் எதிர். எட்டு மணிக்கு நான் ஷட்டரை இறக்கினால் பேச்சும் அதோடு முடிந்தது.

ஒருநாள் தையல்காரர்தான் கேட்டார்: "இதையெல்லாம் எழுதிப் போட்டால் என்ன?" தகவல் கேட்கும் மனுவாக எழுதிப் போட்டோம். முதல் தடவை சொதப்பினோம், இரண்டாம் தடவை பிடிபட்டது. நீங்கள் நேராக இரண்டாம் தடவையிலிருந்தே தொடங்கலாம்.

முதலில் ஒரே ஒரு விஷயத்தை எடுங்கள். நாங்கள் எடுத்தது கடைத்தெருவின் சிமெண்ட் சாலை. போட்டு ஒரு வருடம் ஆகவில்லை, மூன்று இடத்தில் ஜல்லி தெரிந்தது. சாக்கடையையும் சேர்க்கலாம் என்று ஆட்டோக்காரர் பிடிவாதம் பிடித்தார். அதற்கு வேறு மனு என்று சொல்லிச் சமாளித்தேன்.

அடுத்தது கேள்வி. முழு வேலையும் இதில்தான் இருக்கிறது. தகவல் பெறும் உரிமைச் சட்டம், 2005இன்படி வாத்தியார் எழுதிய முதல் மனு இரண்டு பக்கம். "ஏன் தரமாகப் போடவில்லை? இதற்கு யார் பொறுப்பு? இது மக்கள் பணம் இல்லையா?" என்று அருமையான தமிழ். பதில் ஒரே வரியில் வந்தது: கேட்டது 'தகவல்' என்ற வரையறைக்குள் வரவில்லை. எங்களுக்குக் கோபம். அப்புறம் பிரிவு 2(எஃப்)ஐ அச்செடுத்துப் படித்தால், அவர்கள் சொன்னது சரிதான். அலுவலகத்தில் ஏற்கெனவே இருக்கும் ஆவணத்தைத்தான் கேட்க முடியும். நம் கேள்விக்காக அவர்கள் உட்கார்ந்து காரணம் யோசித்து எழுத வேண்டியதில்லை.

அதனால் 'ஏன்' என்று வரும் வரியை எல்லாம் அடித்துவிட்டு, அந்தக் கேள்விக்கு விடை எந்தக் காகிதத்தில் இருக்கும் என்று யோசியுங்கள். தரமாகப் போட்டார்களா என்று தெரிய, அந்தச் சாலைக்கான எஸ்டிமேட் நகலும், வேலையை அளந்து எழுதிய எம் புக்கின் உரிய பக்கங்களும் வேண்டும். யார் பொறுப்பு என்று தெரிய, பணி ஆணையின் நகல். பணம் எங்கே போனது என்பதற்கு, ஒப்பந்தக்காரருக்குத் தொகை வழங்கிய தேதியும் அளவும். கடைசியாக, ஒப்பந்தப்படி பழுதைச் சரிசெய்யும் பொறுப்பு அவருக்கு எந்தத் தேதி வரை என்று ஒரு வரி. எங்கள் இரண்டாவது மனு இவ்வளவுதான், முக்கால் பக்கம். தெருவின் பெயர், வார்டு எண், வேலை நடந்த வருடம் மூன்றையும் மறக்காமல் எழுதுங்கள்.

இதில் இன்னொரு சௌகரியம்: எஸ்டிமேட்டைக் கேட்பதில் வாத்தியாருக்கும் ஆட்டோக்காரருக்கும் சண்டை வர வழியே இல்லை.

கையெழுத்து ஒருவர் மட்டும் போடுங்கள். 'நண்பர்கள் சார்பில்' என்று போட வேண்டாம். சட்டம் உரிமை கொடுத்திருப்பது குடிமக்களுக்கு. குழுவின் பெயரைக் காட்டித் திருப்பி அனுப்ப இடம் கொடுக்காதீர்கள். எதற்காகக் கேட்கிறோம் என்றும் சொல்ல வேண்டாம், பிரிவு 6(2) அந்தத் தொல்லையை எடுத்துவிட்டது. வாத்தியார் ஆசையாக எழுதிய 'பொதுநலன் கருதி' முன்னுரையை இப்படித்தான் வெட்டினேன். இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

தமிழ்நாட்டில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். பெறுநர் 'பொதுத் தகவல் அலுவலர்', கீழே சாலை போட்ட அலுவலகத்தின் முகவரி. அதிகாரியின் பெயர் தேவையில்லை. சாலை வேறு துறைக்குச் சொந்தமாக இருந்தாலும், மனுவை 5 நாளுக்குள் உரிய இடத்துக்கு அவர்களே மாற்றி அனுப்ப வேண்டும். ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, ரசீதை மனுவின் நகலோடு பின் அடித்து வையுங்கள்.

மனு போய்ச் சேர்ந்த தேதியைக் காலண்டரில் வட்டமிட்டு 30 நாள் எண்ணுங்கள். பதில் வராவிட்டாலோ, அரைகுறையாக வந்தாலோ, அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதலாம். அதற்கும் மேலே 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். அங்கே போனால் பொறுமை நிறைய வேண்டும். கெடு தாண்டித் தரும் தகவலுக்குப் பக்கக் கட்டணம் கேட்கக்கூடாது என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்கு 11 பக்கம் வந்தது. பக்கத்துக்கு 2 ரூபாய் வீதம் 22 ரூபாய் கட்டினோம். சாலை மூன்று அங்குலம்கூட இருக்காது என்று ஆட்டோக்காரர் அடித்துச் சொல்லியிருந்தார். எம் புக்கில் 150 மில்லிமீட்டர் என்று இருந்தது. பெயர்ந்த இடத்தில் ஸ்கேலை வைத்துப் பார்த்தார், பேசாமல் வந்து உட்கார்ந்தார். ஆனால் ஐந்தாம் பக்கத்தில் வேறொன்று கிடைத்தது: பழுதைச் சரிசெய்யும் பொறுப்பு ஒப்பந்தக்காரருக்கு இன்னும் 14 மாதம் பாக்கி.

அந்தப் பக்கத்தை இணைத்து, சாலையைச் சரிசெய்யச் சொல்லி ஒரு பத்தியில் மனு எழுதி, ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் குறைதீர் கூட்டத்தில் கொடுத்தோம். அங்கே போகும்போது ஒரிஜினலை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். ஜெராக்ஸ் போதும். அதற்குத்தான் நான் கடை வைத்திருக்கிறேன்.