டெக்சஸ் கவுன்டி ஜெயிலில் உறவினர் அடைபட்டால்: உயிரைக் காக்க முதல் நாளே செய்ய வேண்டியவை

கவுன்டி (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) ஜெயிலில் இருப்பவர்களில் பெரும்பாலோர் தண்டனை பெற்றவர்கள் அல்ல, விசாரணைக்குக் காத்திருப்பவர்கள். அங்கே நடக்கும் தற்கொலைகளில் பல, கைதான முதல் சில நாட்களிலேயே நடந்துவிடுகின்றன. திங்கட்கிழமை வக்கீலைப் பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருக்காதீர்கள்.

ஜெயிலுக்குப் போன் செய்து ஷிஃப்ட் சூப்பர்வைசரையும் மருத்துவப் பிரிவையும் கேளுங்கள். பெயர், பிறந்த தேதி, புக்கிங் எண் (கைதானவரைப் பதிவு செய்தபோது ஜெயில் கொடுத்த எண்) கொடுத்து, "இவருக்குத் தற்கொலை அபாயம் இருக்கிறது" என்று நேராகவே சொல்லுங்கள். "கொஞ்சம் மனசு சரியில்லை" என்றால் யாரும் எழுதிக்கொள்ள மாட்டார்கள். முன்பு முயன்றிருந்தால் எந்த ஆண்டு, என்ன மாத்திரை, எத்தனை மில்லிகிராம், கடைசியாக எப்போது போட்டார், குடியோ போதையோ திடீரென நின்றிருக்கிறதா என்பதையும் சொல்லுங்கள். மருத்துவ விவரங்களின் ரகசியம் காக்கும் ஹிப்பா (HIPAA) சட்டத்தைக் காட்டிப் போனை வைக்கப் பார்ப்பார்கள். அவர்கள் உங்களிடம் என்ன சொல்லலாம் என்பதற்குத்தான் அதில் கட்டுப்பாடு. நீங்கள் சொல்வதைக் கேட்டுக்கொள்ளத் தடையே இல்லை.

பேசியவர் பெயரையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு, அதே விவரத்தை உடனே எழுத்தில் ஜெயிலை நடத்தும் கவுன்டி காவல் தலைவரான ஷெரிஃபின் அலுவலகத்துக்கும் வக்கீலுக்கும் அனுப்புங்கள். மனநோய் இருக்கலாம் என்று நம்பத்தகுந்த தகவல் வந்தால், டெக்சஸ் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 16.22-இன்படி ஷெரிஃப் 12 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிவிக்க வேண்டும். அந்தக் கடிகாரத்தை ஓடவைப்பது உங்கள் கடிதம்.

அடுத்து, எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை பார்க்கிறார்கள் என்று கேளுங்கள். அபாயம் உள்ள கைதியை 30 நிமிடத்துக்கு ஒருமுறையாவது நேரில் பார்க்க வேண்டும் என்பது மாநில விதி. சிறை மருத்துவத் தரநிலைகள் இன்னும் கடுமையானவை: 15 நிமிடத்துக்கு மிகாத, சீரற்ற இடைவெளிகள், தீவிர நிலையில் கண்ணெடுக்காத காவல். கேமரா இருப்பது நேரில் பார்ப்பதற்கு ஈடாகாது. தனி அறையில் பூட்டி வைப்பது சிகிச்சையும் அல்ல.

2015 ஜூலையில் டெக்சஸின் வாலர் கவுன்டி ஜெயிலில் இறந்த சாண்ட்ரா பிளாண்ட், முன்பு தற்கொலைக்கு முயன்றதை உள்ளே வந்தபோதே சொல்லியிருந்தார். எல்லாக் கைதிகளையும் மணிக்கொருமுறையாவது நேரில் பார்க்கும் விதி அந்த ஜெயிலில் மீறப்பட்டதை மாநிலச் சிறைத் தர ஆணையம் பதிவு செய்தது. வெளியே வர உடனே தேவைப்பட்டது சுமார் 500 டாலர். முடிந்தால் ஜாமீன் பணத்தை முதல் நாளே திரட்டுங்கள்.

ஜெயில் போன் அழைப்புகள் பதிவாகும், வழக்கைப் பற்றிப் பேசாதீர்கள். ஆனால் "சாகத் தோணுதா?" என்று கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஜாமீன் மறுக்கப்பட்ட நாளிலும் கெட்ட செய்தி போன நாளிலும் மருத்துவப் பிரிவை மறுபடி அழையுங்கள்: காலை ஷிஃப்டில் சொன்னது இரவு ஷிஃப்டுக்குப் போய்ச் சேராமலே இருக்கலாம். ஜெயில்காரர்கள் அசைய மறுத்தால் சிறைத் தர ஆணையத்தில் புகார் கொடுங்கள்; மனநலப் பரிசோதனைக்கு உத்தரவு கேட்டு நீதிபதியிடம் போகச் சொல்லி வக்கீலை அன்றே நெருக்குங்கள்.