புதிதாக ஓட்டும் துணையை மலைப்பனிக்குக் கூட்டிப்போகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

என் கணவரை முதன்முதலாகக் கனடாவின் ரெவல்ஸ்டோக் மலைக்கு, பனியில் ஓடும் வண்டியான ஸ்னோமொபைல் ஓட்டக் கூட்டிப்போனபோது, அவருக்குச் சொல்லித்தர வேண்டியவை என்று மனதுக்குள் ஒரு பெரிய பட்டியலே வைத்திருந்தேன். நின்றுகொண்டு ஓட்டுவது, உடலைச் சாய்த்து வண்டியைத் திருப்புவது, ஆழமான பொடிப்பனியில் வேகம் குறையாமல் போவது எல்லாம் அதில் இருந்தன. பனிச்சரிவில் நான் புதைந்துபோனால் என்னை எப்படித் தேடி எடுப்பது என்பது மட்டும் இல்லை. அன்று எங்கள் இருவரைத் தவிர வேறு யாரும் உடன் வரவில்லை. அந்த நாளில் நான் செய்த மற்றத் தவறுகளைவிட இதுதான் இன்றும் என்னை உறுத்துகிறது.

பனியில் புதைந்தவரைப் பத்து நிமிடத்துக்குள் வெளியே எடுத்துவிட்டால் பிழைக்கும் வாய்ப்பு மிக அதிகம். அரை மணி நேரம் தாண்டிவிட்டால் பெரும்பாலானவர்கள் மூச்சுமுட்டி இறந்துவிடுகிறார்கள். மீட்புக்குழு ஹெலிகாப்டரில் வந்து இறங்குவதற்குள் அந்த நேரம் போய்விடும். பக்கத்தில் இருப்பவர்தான் காப்பாற்றியாக வேண்டும். உங்களோடு வருபவர் புதியவர் என்றால், உங்கள் உயிரும் அந்தப் புதியவர் கையில்தான் இருக்கிறது. பலர் இதை யோசிப்பதே இல்லை. 'நான் அவரைப் பார்த்துக்கொள்வேன்' என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

எனவே ஓட்டப் பழக்குவதற்கு முன் தேடப் பழக்குங்கள். புதைந்தவர் இருக்கும் இடத்தைச் சிக்னலால் காட்டும், பீக்கன் என்று எல்லோரும் சொல்லும் டிரான்ஸீவர், பனிக்குள் குத்திப் பார்க்கும் நீளமான மடக்குக் கம்பி, ஷவல் ஆகிய மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும். பீக்கன் மேல்கோட்டுக்கு உள்ளே உடம்போடு கட்டியிருக்க வேண்டும். கம்பியும் ஷவலும் முதுகுப்பையில் இருக்க வேண்டும், வண்டியின் பின்னால் கட்டும் பையில் அல்ல. பனிச்சரிவில் வண்டி ஒரு பக்கமும் ஆள் ஒரு பக்கமும் போய்விட்டால் அந்தப் பையால் என்ன பயன்? தேடும்போது செல்பேசியைப் பீக்கனிலிருந்து அரை மீட்டராவது தள்ளி வைக்க வேண்டும், அல்லது அணைத்துவிட வேண்டும். பேட்டரியில் சூடாகும் கையுறையும் பீக்கனைக் குழப்பும். இதையெல்லாம் அடிப்படைப் பனிச்சரிவுப் பயிற்சியான ஏஎஸ்டி 1 வகுப்பில் இரண்டு நாளில் சொல்லித்தருகிறார்கள். ஸ்னோமொபைல் ஓட்டுபவர்களுக்கென்றே தனி வகுப்பும் உண்டு. நீங்கள் முன்பே முடித்திருந்தாலும் துணையோடு இன்னொரு முறை உட்காருங்கள். அதன் பிறகும் இருவர் மட்டும் போகாதீர்கள். மீட்கத் தெரிந்த இன்னும் இரண்டு பேராவது உடன் வரட்டும்.

அடுத்த தவறு, இடம் தேர்ந்தெடுப்பதில் வருகிறது. நமக்குப் பிடித்த உச்சியையும் அங்கிருந்து தெரியும் காட்சியையும் முதல் நாளே காட்டிவிட வேண்டும் என்ற ஆசை யாருக்கும் வரும். பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரி வரை சாய்ந்த சரிவுகளில்தான் கிளம்புகின்றன. ஆனால் கீழே சமதளத்தில் நிற்பவர்களையும் அவை வந்து மூடும். 2010 மார்ச் 13 அன்று ரெவல்ஸ்டோக்குக்கு அருகே பௌல்டர் மலையில் நடந்ததை இங்கே ஓட்டுபவர்கள் இன்னும் பேசுகிறார்கள். மேலே ஏறும் வண்டிகளை வேடிக்கை பார்க்கச் சரிவின் அடியில் பெரும் கூட்டம் கூடியிருந்தது. சரிந்து வந்த பனியில் இரண்டு பேர் இறந்தார்கள், ஏறத்தாழ முப்பது பேர் காயமடைந்தார்கள். புதியவரை 'நீங்கள் இங்கேயே நின்று பாருங்கள், ஒரு ஏற்றம் ஏறிவிட்டு வருகிறேன்' என்று நாம் விட்டுப்போவதும் இதே போன்ற இடத்தில்தான். சாப்பிடவும் படம் எடுக்கவும் நிற்கும்போது தலைக்கு மேலே என்ன இருக்கிறது என்று நிமிர்ந்து பார்க்க வேண்டும். வண்டிகளை வெளியேறும் திசை பார்த்து நிறுத்த வேண்டும்.

முதல் நாளுக்கு, சீர்செய்த பாதையும் பனி மூடிய, சாய்வு குறைந்த புல்வெளி மேடுகளும் போதும். அவலாஞ்ச் கனடா என்ற அமைப்பு குளிர்காலத்தில் தினமும் வெளியிடும் பனிச்சரிவு அறிக்கையைக் காலையில் இருவரும் சேர்ந்து படியுங்கள். அபாயம் ஐந்து நிலைகளாகக் குறிக்கப்படும். மூன்றைப் பார்த்து 'நடுவில்தானே, பரவாயில்லை' என்று நினைப்பது பெரிய தப்பு. மூன்றாம் நிலையில் மனிதர்களின் எடையே பனிச்சரிவைக் கிளப்பிவிட வாய்ப்பு அதிகம். ஆட்களை அடிக்கும் பனிச்சரிவுகளில் பெரும்பாலானவற்றை அவர்களோ அவர்களுடைய கூட்டாளிகளோதான் கிளப்பிவிடுகிறார்கள். கால்கரியிலிருந்து வருபவர்கள் ரோஜர்ஸ் பாஸ் என்ற மலைக்கணவாய் வழியாக நாலு மணி நேரத்துக்கும் மேல் காரோட்டி வர வேண்டும். அங்கே நெடுஞ்சாலையைக் காக்கக் கனடிய ராணுவம் பீரங்கியால் சுட்டுப் பனியைத் தானே சரியவிடும், அதுவரை சாலை மூடியிருக்கும். அப்படிச் சாலை மூடிக் காத்திருந்த நாளில், இழந்த நேரத்தை ஈடுகட்ட மலைக்கு அவசரமாக ஓடாதீர்கள். சாலைக்கு மேலே கனத்திருக்கும் பனி, நீங்கள் ஏறப்போகும் மலையிலும் கனத்திருக்கும்.

சரிவில் ஒரு நேரத்தில் ஒருவர்தான். ஒருவரின் வண்டி மேலே பனியில் சிக்கிக்கொண்டால் மற்றவர் அங்கே போகக்கூடாது. கணவன் மனைவிக்குள் இதைக் கடைப்பிடிப்பது மிகக் கடினம். சிக்கியவர் தவிக்கும்போது கால் தானாக அந்தப் பக்கம் போகும். ஆனால் இரண்டாவது வண்டியின் எடை சேர்ந்தால் சரிவின் பனி உடையலாம், அப்போது இருவரும் புதைவீர்கள், தேட ஆள் இருக்காது. 2008 டிசம்பர் 28 அன்று ஃபெர்னிக்கு அருகே ஹார்வி பாஸில் முதல் பனிச்சரிவில் புதைந்தவர்களை மீட்க ஓடியவர்கள் மேலேயே இன்னொரு பனிச்சரிவு வந்தது. பதினொரு பேரில் எட்டுப் பேர் இறந்தார்கள். வீட்டிலேயே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்: மேலே சிக்கியவர் தானே தோண்டிக்கொண்டு இறங்குவார், மற்றவர் பாதுகாப்பான இடத்திலிருந்து கண்ணை எடுக்காமல் பார்ப்பார்.

வண்டி பற்றி ஒன்று. நீங்கள் ஓட்டும் 850 சிசி, 165 அங்குல ட்ராக் (பனியில் உருளும் பட்டை) வண்டியைப் புதியவரிடம் கொடுக்காதீர்கள். 600 சிசிக்கு மேல் தேவையில்லை. பயம் வந்தால் யாரும் ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிப்பார்கள். த்ராட்டில் வலது கட்டைவிரலில் இருப்பதால், இறுக்கும்போது அதையும் சேர்த்து அழுத்திவிடுவார்கள். வண்டி இன்னும் பாயும், பிடி இன்னும் இறுகும். ஆள் விழுந்தால் இன்ஜினை நிறுத்தும் டெதர் கயிற்றை உடையில் மாட்டாமல் கிளம்பவே விடாதீர்கள். முதல் ஒரு மணி நேரம் சமதளத்தில் கிளப்பி நிறுத்திப் பழகட்டும். புதைந்த வண்டியைத் தோண்டி எடுப்பதையும் அன்றே பழக்குங்கள். 200 கிலோவுக்கு மேல் எடையுள்ள வண்டியை இடுப்பைக் கொடுத்துத் தூக்கினால் முதுகு போய்விடும். முன்னால் பனியை மிதித்து இறுக்கி, வண்டியின் மூக்கை இறக்கத்தின் பக்கம் திருப்பினால் பாதி வேலை முடிந்தது.

நான் செய்த இன்னொரு தவறு, முன்னால் போய்க் காத்திருந்துவிட்டு, அவர் வந்து சேர்ந்ததும் உடனே கிளம்பியது. நான் பத்து நிமிடம் இளைப்பாறியிருந்தேன், அவர் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. மதியத்துக்குள் உள்ளாடை வியர்வையில் நனைந்து, கண்ணாடியில் ஆவி படிந்து, கை நடுங்கத் தொடங்கிவிட்டது. பருத்தி வேண்டாம், மாற்றுக் கையுறையும் கண்ணாடியும் கூடுதலாக எடுத்துச் செல்லுங்கள். அவர் வந்து சேர்ந்த பிறகு நிற்கும் நேரத்தைத்தான் ஓய்வு என்று கணக்கிடுங்கள். கத்திக் கத்திப் பத்து யோசனை சொல்வதற்குப் பதில் ஒரு தடவைக்கு ஒன்று சொல்லுங்கள். என் எண்ணத்தில், முதல் நாள் சொல்லித்தர ஒரு வழிகாட்டியிடமோ நிதானமான நண்பரிடமோ விட்டுவிடுவது இன்னும் நல்லது. துணை சொன்னால் குறையாகக் கேட்பது, வெளியார் சொன்னால் பாடமாகக் கேட்கும்.

திரும்பும் நேரத்தைக் காலையிலேயே குறித்துக்கொள்ளுங்கள். ஜனவரியில் நாலு மணிக்கே மலைக்குப் பின்னால் வெயில் போய்விடும். பிற்பகலில் பாதை மேடும் பள்ளமுமாகக் குலுக்கும். அந்தக் குலுக்கலைத் தாங்க அவர் கையில் வலு மிச்சம் இருக்கும்போதே இறங்கத் தொடங்குங்கள்.

இப்போதெல்லாம் சீசன் தொடங்கும்போது, வண்டிகளை டிரெய்லரிலிருந்து இறக்குவதற்கு முன், பீக்கன் வைத்த பையொன்றை அவர் பார்க்காதபோது பனியில் புதைத்துவிட்டு கடிகாரத்தைப் பார்க்கிறேன். அவர் எடுத்து முடித்ததும் என் முறை.